ஓசை அடங்கிய தீவில் ஒரு தலைப்பிறை



விடுமுறைப் பயணம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஓர் ஓட்டமே. விடியற்காலையில் வண்டி ஏற வேண்டும். பத்து மணிக்குள் ஓர் அருவி, பகலுக்குள் ஒரு கோட்டை, மாலைக்குள் ஒரு கடற்கரை. வீடு திரும்பியதும், "களைப்பாக இருக்கிறது, இரண்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும்" என்கிறோம். ஓய்வுக்காகப் புறப்பட்டவர்கள் ஓய்வைத் தேடி வீட்டுக்குத் திரும்பி வரும் இந்த விந்தையை நாம் யாரும் விந்தையாகக் கருதுவதில்லை.

உலகில் ஒரு தீவு இருக்கிறது. அங்கே புத்தாண்டு பிறந்தால் வாணவேடிக்கை இல்லை. இசைக் கச்சேரி இல்லை. கடைத்தெருவில் கூட்டமும் இல்லை. விளக்கு எரியாது. வாகனம் ஓடாது. விமானம்கூடப் பறக்காது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரு முழு நாள் வீட்டுக்குள் அடங்கி அமைதி காப்பார்கள். 2024-ஆம் ஆண்டில் அந்தப் புத்தாண்டு நாளின் இரவும் நம் புனித ரமழானின் முதல் இரவும் ஒன்றாக வந்து சேர்ந்தன. இரண்டும் கைகோத்த அந்த இரவை அங்கிருந்து காணும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான். அதைப் பற்றியே இங்கே உங்களுடன் பேச விழைகிறேன்.

பாலித் தீவு

இந்தோனேசியா பல்லாயிரம் தீவுகளால் ஆன நாடு. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் வரிசையில் முன்னிற்பது. ஆனால் ஜாவாவுக்குக் கிழக்கே ஒரு குறுகிய நீரிணைக்கு அப்பால் இருக்கும் பாலித் தீவில் நிலைமை வேறு. அங்கே பத்தில் எட்டுப் பேருக்கும் அதிகமானோர் இந்துக்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். நாட்டில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் தீவில் சிறுபான்மை. நாட்டில் சிறுபான்மையாக இருப்பவர்கள் தீவில் பெரும்பான்மை. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

எங்கள் மதரஸாவுக்கு ஷஃபான் மாதத்தில் விடுமுறை விடுவது வழக்கம். கோலாலம்பூரில் என் தங்கை குடும்பத்தோடு வசிக்கிறாள். உம்மாவை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். "உம்மாவுக்கு மூட்டுவலி, நான்கு நாள் கடற்கரையோரம் நிம்மதியாக இருக்கட்டும்" என்று மச்சான்தான் பாலிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். கோலாலம்பூரிலிருந்து தென்பாசார் நகருக்கு விமானத்தில் மூன்று மணி நேரம். நான், உம்மா, தங்கை, மச்சான், அவர்களுடைய நான்கு வயது மகன் என ஐவரும் தீவின் தென்முனையில் நூசா துவா பகுதியில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம்.

தென்னையும் வாழையும் செம்பருத்தியும் கண்ட உம்மாவுக்கு அது வெளிநாடாகவே தோன்றவில்லை. "நம்ம ஊர்த் தோப்புக்கு வந்த மாதிரியிருக்கு வாப்பா, பேச்சுதான் புரியலே" என்றார். வடக்கே மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஆகுங் எரிமலை, அதன் சரிவுகளில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், அந்த வயல்களுக்கு நீரை முறைவைத்துப் பங்கிடும் 'சுபாக்' என்னும் உழவர் சங்கங்கள் ஆகியவை இத்தீவின் பெருமைகள். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த நீர்ப்பங்கீட்டு முறையை 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மேல்வயல்காரன் கீழ்வயல்காரனின் உரிமையை மறக்காமல் இருப்பதே அதன் அடிப்படை. தஞ்சைக் கடைமடை உழவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

இப்னு பதூதாவின் பெயரில் ஒரு பள்ளிவாசல்

நூசா துவாவில் 'பூஜா மண்டலா' என்றோர் இடம் உண்டு. 1997-இல் திறக்கப்பட்டது. பள்ளிவாசல், கத்தோலிக்க தேவாலயம், பௌத்த விகாரை, புராட்டஸ்டண்ட் தேவாலயம், பாலி இந்துக் கோயில் ஆகிய ஐந்தும் அங்கே ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்தப் பள்ளிவாசலின் பெயர் மஸ்ஜித் ஆகுங் இப்னு பதூதா.

அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு ஒரு நெருக்கம் உண்டாயிற்று. மொராக்கோவில் பிறந்த அந்த மாபெரும் பயணி பதினான்காம் நூற்றாண்டில் நம் தமிழ்க் கரைக்கும் வந்தவர். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீனுக்கு உறவினர். அங்கிருந்து பின்னர் சுமத்ராவின் ஸமுத்ர பாஸாய் அரசுக்கும் சென்றவர். அங்கே சுல்தான் இமாம் ஷாஃபி அவர்களின் மத்ஹபைப் பின்பற்றியதை அவரே குறித்திருக்கிறார். இன்றும் இந்தோனேசிய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகளே. நம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களும் அப்படியே. கடல் பிரித்த கரைகளை மத்ஹபு ஒன்றாய்க் கட்டி வைத்திருக்கிறது. அன்று அஸர் தொழுகையில் பக்கத்தில் நின்றவரின் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கையை எங்கே கட்டினார், எப்போது உயர்த்தினார் என்பதில் எனக்கு அந்நியமான எதுவும் இல்லை.

பாலி முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். குளுங்குங் பகுதியில் கெல்கெல் என்னும் முஸ்லிம் ஊர் இருக்கிறது. மஜபாஹித் காலத்தில் பாலி அரசருக்குத் துணையாக ஜாவாவிலிருந்து வந்த நாற்பது வீரர்கள் அங்கே குடியேறினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மேற்கே ஜெம்பிரானாவில் லோலோவான் என்னும் ஊரில் புகிஸ், மலாய் வழிவந்த மாலுமிகளின் சந்ததியினர் வாழ்கின்றனர். வடக்கே மலைப்பகுதியில் உள்ள பெகயாமான் ஊரார் தம் பிள்ளைகளுக்கு முஸ்லிம் பெயரோடு வாயான், ஞோமான், கெதுத் என்னும் பாலிப் பெயர்களையும் சேர்த்தே வைக்கிறார்கள். அவை முதல் பிள்ளை, மூன்றாம் பிள்ளை, நான்காம் பிள்ளை என்று பிறப்பு வரிசையைக் குறிப்பவை. எனவே அவற்றில் சமயம் எதுவும் இல்லை.

பாலி இந்துக்கள் இவர்களை 'ஞாமா ஸெலாம்' என்று அழைப்பதுண்டு. 'முஸ்லிம் உடன்பிறப்பு' என்பது அதன் பொருள். பெருநாளில் முஸ்லிம் வீட்டிலிருந்து உணவு இந்து வீட்டுக்குப் போகும். அவர்களுடைய திருநாளில் அங்கிருந்து இங்கே வரும். இந்தப் பரிமாற்றத்துக்கு 'ஙெஜோட்' என்று பெயர். நோன்புக் கஞ்சித் தூக்குவாளி மதில் தாண்டிப் போவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

புத்தாண்டுக்கு முந்தைய நாட்கள்

பாலி மக்களின் புத்தாண்டுக்கு 'ஞெப்பி' என்று பெயர். 'ஸெப்பி' என்றால் அம்மக்களின் பேச்சில் அமைதி, வெறுமை என்று பொருள். அதிலிருந்து பிறந்த சொல் இது. அவர்கள் பின்பற்றுவது சக ஆண்டு. கிறிஸ்தவ ஆண்டில் 78-ஐக் கழித்தால் சக ஆண்டு கிடைக்கும். 1957 முதல் நம் இந்திய அரசு தேசிய நாட்காட்டியில் குறிப்பிடுவதும் இந்தச் சக ஆண்டையே. 2024 மார்ச் 11, திங்கட்கிழமை அங்கே சக ஆண்டு 1946 பிறந்தது.

அதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஊர்வலங்கள் தொடங்கிவிட்டன. வெள்ளை உடுத்திய ஆண்களும் பெண்களும் தங்கள் கோயில் பொருள்களைச் சுமந்து கடற்கரைக்கு வருகிறார்கள். 'மெலாஸ்தி' என்னும் தூய்மைச் சடங்கு அது. நாங்கள் சாலையோரம் ஒதுங்கி நின்றோம். எங்கள் வாகன ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஊர்வலம் கடந்து போகும் வரை பொறுமையோடு காத்திருந்தார். அவர் ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம். ஒலிப்பானை ஒருமுறைகூட அழுத்தவில்லை.

புத்தாண்டுக்கு முந்தைய மாலைப்பொழுது இதற்கு நேர்மாறானது. மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்த பூதாகாரமான உருவங்களை இளைஞர்கள் தோளில் தூக்கி வந்து முச்சந்திகளில் சுழற்றுகிறார்கள். 'ஓகோ ஓகோ' என்று அவற்றை அழைக்கிறார்கள். 1980-களில் பரவிய வழக்கம் இது. தீய சக்திகளைத் திகைக்கச் செய்து விரட்டுவது அவர்களது நம்பிக்கை. பறையும் வெண்கலத் தாளமும் காதைப் பிளந்தன. நம்பிக்கையில் நமக்குப் பங்கில்லை. எனவே விடுதி வாயிலிலிருந்தே சிறிது நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டோம். "இவ்வளவு சத்தம் போடுறவங்க நாளைக்கு எப்படி வாயடைச்சு இருப்பாங்க?" என்று உம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு மறுநாள் காலை விடை கிடைத்தது.

நான்கு விலக்குகள்

ஞெப்பி நாளில் நான்கு செயல்கள் விலக்கப்பட்டவை. நெருப்பும் விளக்கும் கூடாது, வேலை கூடாது, வெளியே செல்லக் கூடாது, கேளிக்கை கூடாது. காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணி வரை இருபத்து நான்கு மணி நேரம் இந்த விதி நடைமுறையில் இருக்கும்.

இதை வெறும் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். நூற்றுக்கணக்கான விமானங்கள் வந்து போகும் ஙுரா ராய் பன்னாட்டு விமான நிலையம் ஒரு முழு நாள் மூடப்படுகிறது. ஜாவாவிலிருந்து வரும் படகுப் போக்குவரத்து நிற்கிறது. கடைகள், வங்கிகள், எரிபொருள் நிலையங்கள் எல்லாம் மூடியிருக்கும். தொலைக்காட்சி ஒளிபரப்பும் நிற்கும். 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் அன்று நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவமனைக்கும் பேறுகாலப் பெண்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

சுற்றுலாப் பயணிகளுக்கும் இதே சட்டம்தான். விடுதிக்குள் நடமாடலாம், வளாகத்தைத் தாண்ட முடியாது. இரவில் திரைகளை இழுத்துவிட்டு, மங்கலான ஒளி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிரம்மாண்டமான வருமானம் தரும் தொழிலைக்கூட ஒரு நாள் பூட்டி வைக்கும் துணிவு அந்தச் சின்னஞ்சிறு தீவுக்கு இருக்கிறது.

கட்டம் போட்ட துணியை இடுப்பில் கட்டிய ஊர்க்காவலர்கள் தெருக்களில் நடந்து கண்காணிக்கிறார்கள். 'பெச்சாலாங்' என்பது அவர்களுக்குப் பெயர். இவர்கள் அரசின் காவலர்கள் அல்லர். ஊர்ச் சபையின் தொண்டர்கள். நம் பெருநாள் தொழுகையின்போது பள்ளிவாசலுக்கு வெளியே நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்பவர்களும் பல இடங்களில் இவர்களே.

ஒரு வானம், இரண்டு கணக்கு

ரமழானும் ஞெப்பியும் ஒரே இரவில் எப்படிச் சந்தித்தன? இது தற்செயல்தானா?

பாலி நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்து அமாவாசைக்கு மறுநாளே ஞெப்பி. நம் ஹிஜ்ரி மாதமோ அமாவாசை கழிந்து மேற்கு வானில் பிறை தென்படும் மாலையில் பிறக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஞெப்பியை ஒட்டி ஏதேனும் ஒரு ஹிஜ்ரி மாதம் பிறந்தே தீரும். அது எந்த மாதம் என்பதுதான் மாறிக்கொண்டிருக்கும். அவர்கள் தங்கள் ஆண்டைப் பருவங்களோடு பொருத்த அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். நாம் அப்படிக் கூட்டுவதில்லை. எனவே நம் மாதங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023-இலும் 2024-இலும் ரமழான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2025-இல் ஞெப்பி மார்ச் 29-ஆம் தேதியும், இந்தோனேசியாவில் ஈதுல் ஃபித்ர் மார்ச் 31-ஆம் தேதியும் அமைந்தன. இப்படி ஒரு முழுச் சுற்று முடிய ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகும்.

2024 மார்ச் 10 மாலை பிறை தென்படுவதற்கு வாய்ப்பே இல்லை. எனவே இந்தோனேசிய அரசு ஷஃபானை முப்பது நாட்களாக நிறைவு செய்து, 12-ஆம் தேதி முதல் நோன்பு என்று அறிவித்தது. கணக்கீட்டைப் பின்பற்றும் முஹம்மதிய்யா அமைப்பினர் 11-ஆம் தேதியே நோன்பைத் தொடங்கினர். பிறை விவகாரம் அங்கேயும் உண்டு என்பதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் தோன்றும் புன்னகையை என்னால் ஊகிக்க முடிகிறது!

எங்களுக்கு ஞெப்பி நாள் ஷஃபான் 30. அன்று மாலை தலைப்பிறை; இரவில் முதல் தராவீஹ்; விடியுமுன் முதல் ஸஹர். இவை எல்லாமே விளக்கு ஏற்றக் கூடாத அந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டன.

அந்த நாள்

காலையில் கண் விழித்ததும் முதலில் உணர்ந்தது ஒரு குறை. ஏதோ ஒன்று இல்லை. என்னவென்று உடனே விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. சாலையின் இரைச்சல் இல்லை. அந்த இரைச்சல் இருந்ததையே அது நின்ற பிறகுதான் செவி அறிந்துகொண்டது. தென்னங்கீற்று உரசும் ஒலி, எங்கோ சேவல் கூவும் ஒலி, தொலைவில் அலை புரளும் ஒலி ஆகியவை ஒவ்வொன்றாக வெளிவந்தன.

கைப்பேசி செயலற்றுக் கிடந்தது. மச்சான் பழக்க தோஷத்தால் நாலைந்து முறை அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். பகலுக்குள் அதை மேசை அறைக்குள் வைத்துவிட்டு மகனோடு தரையில் அமர்ந்து சோழி விளையாடத் தொடங்கினார். தன் தகப்பனார் இவ்வளவு நேரம் தன்னோடு இருப்பது அந்தப் பிள்ளைக்கே வியப்பாக இருந்தது. தங்கை உம்மாவின் காலுக்குத் தைலம் தடவியபடி, ஏழாண்டுகளாகத் தொலைபேசியில் பேசி முடிக்க இயலாமற்போன குடும்பக் கதைகளைப் பேசி முடித்தாள். நான் குர்ஆன் ஓதினேன், உறங்கினேன், மீண்டும் ஓதினேன்.

வாசகர்களே, நாங்கள் நான்கு நாட்களில் பல இடங்களைப் பார்த்தோம். ஆனால் எங்கள் குடும்பம் ஓய்வெடுத்த நாள் எது என்று கேட்டால், எங்கும் போகாத அந்த ஒரே நாளைத்தான் சொல்வேன். தனி ஒருவர் ஓய்வெடுத்தால் ஊர் அவரை ஓய்வெடுக்க விடுவதில்லை. அழைப்பு வரும், வேலை காத்திருக்கும், பிறர் முந்திவிடுவார்களோ என்ற எண்ணம் உறுத்தும். ஊரே சேர்ந்து நின்றால்தான் ஒருவரால் உண்மையில் நிற்க முடிகிறது. ரமழானில் நோன்பு எளிதாவதும் இதனால் அன்றோ! வீடு முழுவதும், தெரு முழுவதும் நோற்கும்போது பசியே துணையாகிவிடுகிறது.

தலைப்பிறை

மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறைந்தது. விடுதியின் மேல்தளத்தில் மேற்கு நோக்கி நின்றோம். மழைக்கால முடிவாதலால் அடிவானத்தில் மேகம் கிடந்தது. மேகத்தின் ஒரு பிளவில் நூலிழையாக அந்தப் பிறை தெரிந்தபோது முதலில் கண்டு சொன்னவன் நான்கு வயது மருமகன்தான். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையேந்தினார். சில நிமிடங்களில் மேகம் அதை மூடிக்கொண்டது.

பிறகு இருள் வந்தது. நம் ஊரில் மின்சாரம் போகும் இரவுகளை நாம் அறிவோம். அது எரிச்சலின் இருள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முணுமுணுப்புக் கேட்கும். இதுவோ எல்லோரும் விரும்பி ஏற்றுக்கொண்ட இருள். மேகம் விலகிய தெற்கு வானில், பாதி உயரத்தில், அரபியர் ஸுஹைல் என்றும் நம் முன்னோர் அகத்திய மீன் என்றும் அழைத்த விண்மீன் சுடர்விட்டது. பாலைவன வணிகர்களுக்கும் நம் மரக்கலராயர்களுக்கும் வழிகாட்டிய அதே மீன். நகரத்து ஒளியில் தன்னை மறைத்துக்கொண்டிருந்தது, அன்று வெளியே வந்தது.

தராவீஹ் எங்கே தொழுவது? தீவின் சமயத் தலைவர்கள் முன்கூட்டியே கூடிப் பொது வேண்டுகோள் விடுத்திருந்தார்கள். முஸ்லிம்கள் தம் வீட்டிலோ, நடந்து செல்லும் தொலைவில் உள்ள பள்ளிவாசலிலோ தொழலாம், ஒலிபெருக்கி வேண்டாம், வெளிச்சம் குறைவாக இருக்கட்டும் என்பதே அதன் சாரம். 2012-இல் ஞெப்பி வெள்ளிக்கிழமையில் வந்தபோது ஜும்ஆவுக்கும் இப்படியே நடந்து சென்றார்கள்.

விடுதி விருந்தினர்களாகிய நாங்கள் வளாகத்தைத் தாண்ட இயலாது. பணியில் தங்கியிருந்த ஊழியர்களில் நால்வர் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்த முஸ்லிம்கள். நான் மதரஸா ஆசிரியர் என்று அறிந்ததும் அவர்களே வந்து, "உஸ்தாத், நீங்கள் தொழவைப்பீர்களா?" என்று கேட்டார்கள். இரவுப் பொறுப்பில் இருந்த பாலி இந்து மேலாளர் துணிகள் அடுக்கும் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். சன்னல் இல்லாத அறை. ஒளி வெளியே போகாது. ஒரு சிறு விளக்கை மூலையில் வைத்து அதன் மேல் ஒரு துணியையும் போட்டார்.

அந்த அறையில் நாங்கள் எட்டுப் பேர் நின்று முதல் தராவீஹைத் தொழுதோம். ஜமாஅத்துக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி ஓதினேன். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒலிபெருக்கியின் முன் நின்று பழகிய எனக்கு, அன்று என் ஓதுதல் என் காதுக்கே புதிதாகக் கேட்டது. ஓத்து மெலிந்ததால் உள்ளத்தின் கவனம் மெலியவில்லை, கூடியது. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது கதவருகே அந்த மேலாளர் நின்றிருந்தார். யாரும் தடுக்கி விழாமல் படியிறங்க வழிகாட்டவே அவர் காத்திருந்தார்.

ஸஹருக்கு அடுப்பு மூட்ட முடியாது. முதல் நாள் மாலையிலேயே வாங்கி வைத்த பேரீச்சம்பழமும் ரொட்டியும் வாழைப்பழமும் குடுவையில் வெந்நீரும் எங்கள் முதல் ஸஹராயின. ஐந்து மணியளவில் ஸுபுஹு நேரம் வந்தது. ஒலிபெருக்கி இல்லாத அந்த அதிகாலையில் ஊழியர் ஒருவர் முற்றத்தில் நின்று மெல்லிய குரலில் பாங்கு சொன்னார். உம்மாவின் அறை வரைக்கும் அது கேட்டதாம்.

உரசல்களும் உண்டு

எல்லாம் இனிமை என்று எழுதிவிட்டால் நான் உங்களுக்கு நேர்மை செய்தவனாக மாட்டேன்.

2002 அக்டோபர் 12 அன்று இத்தீவின் கூத்தா பகுதியில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் மாண்டனர். செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட கொடியவர்கள். இறந்தவர்களில் அன்றாடக் கூலிக்கு உழைத்த முஸ்லிம்களும் இருந்தனர். மீட்புப் பணியில் முன்னின்றவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். தலைமுறைகளாகச் சேர்த்த நல்லுறவை ஒரே இரவில் சாம்பலாக்கப் பார்த்த செயல் அது. அன்று பாலி மக்கள் அண்டை வீட்டு முஸ்லிமின் மீது பாயவில்லை என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

சிறிய உரசல்களும் நேர்கின்றன. 2023 ஞெப்பியன்று தீவின் வடமேற்கில் ஓர் ஊரில் முஸ்லிம்கள் சிலர் கடற்கரைக்குப் போக வேண்டுமென்று, பூட்டிய தடுப்பைத் திறக்கச் செய்து உள்ளே சென்றனர். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு நாள் கடற்காற்றுக்காக அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்துவது எவ்வளவு பெரிய இழப்பு! அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதைச் சிறுவர் மதரஸாவிலேயே படிக்கிறோம். அந்த உரிமை, அண்டை வீட்டார் நம்மவராக இருந்தால் மட்டுமே என்று எந்த உஸ்தாதும் கற்பித்ததில்லை.

நாம் அந்த அமைதியில் நம்பிக்கை கொண்டு அமர வேண்டியதில்லை. அவர்களுடைய ஒரு நாள் அமைதியைக் குலைக்காமல் இருந்தால் போதும். அவர்கள் நம் தொழுகையை ஏற்றுத் தொழ வேண்டியதில்லை. நாம் தொழ ஓர் அறையை ஒழித்துத் தந்தால் போதும். இந்தப் 'போதும்' என்னும் எல்லையை இருதரப்பும் அறிந்திருப்பதே அந்தத் தீவு இத்தனை காலம் கற்ற பாடம்.

பயணம் செல்வோருக்குச் சில சொற்கள்

ஞெப்பிக்கு மறுநாள் தீவு மீண்டும் விழிக்கிறது. அன்று பாலி மக்கள் உற்றார் உறவினர் இல்லங்களுக்குச் சென்று சென்ற ஆண்டின் குற்றங்குறைகளுக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். பெருநாளன்று முஸாஃபஹா செய்து மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளும் நமக்கு இது அயலான காட்சி அன்று.

இன்ஷா அல்லாஹ், உங்களில் எவரேனும் அங்கே செல்ல நேர்ந்தால் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். ஞெப்பி நாள் ஆண்டுதோறும் மாறும். பயணச்சீட்டு வாங்குமுன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று விமானமும் இல்லை, வாகனமும் இல்லை. மருந்து, குழந்தைக்குப் பால் மாவு, கைச்செலவுப் பணம் ஆகியவற்றை முதல் நாளே சேகரித்துவிடுங்கள். பாலி உணவில் பன்றி இறைச்சி மிகுதி. கேட்காமல் எதையும் உண்ணாதீர்கள். 'வாருங் முஸ்லிம்' என்று எழுதிய சிற்றுண்டிக் கடைகளும், சுமத்ராவிலிருந்து வந்த பாடாங் உணவகங்களும் ஊர்தோறும் உண்டு. அங்கே கவலையின்றிச் சாப்பிடலாம். தொழுகை நேரங்களையும் கிப்லாத் திசையையும் முன்னரே தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இணையம் நின்ற நாளில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

ஊர் திரும்பிய பின் எங்கள் வீட்டில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. ஷஃபான் இறுதி நாள் அஸருக்குப் பிறகு கைப்பேசிகளையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுவது என்று உம்மா கட்டளையிட்டிருக்கிறார். மஃரிப் தொழுததும் பிள்ளைகள் எல்லோரும் மாடிக்குப் போக வேண்டும். மாடி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கால் மணி நேரம் மேற்கு வானைப் பார்த்து அமைதியாக நிற்க வேண்டும். அடுத்த ரமழானில் நீங்களும் உங்கள் வீட்டு மாடியில் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். பயணச்செலவு எதுவும் இல்லை. வானம் எல்லோருக்கும் ஒன்றுதான். நம் விளக்கை நாம் சற்று அணைத்தால் போதும், அது தன்னைக் காட்டிவிடுகிறது.